முதலில் கை

தைத்து முடித்த பூட்ஸை வாங்க வந்தவர் காலை நீட்டினால், நோரீன் வாசெக் ஏன் கையைக் கேட்கிறார்?

முதல் தடவை அதைப் பார்த்த யாருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுபவருக்கும் அன்று தெரியவில்லை. அன்று வந்திருந்தவர் சோள லாரி ஓட்டுகிற ஒரு பெரிய உருவம். இரண்டு வருடம் காத்திருந்தவர். பழைய ஷூவைப் படிக்கட்டிலேயே கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். நோரீன் புது பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றார்.

"கால இறக்குங்க. வலது கையக் குடுங்க."

"கை எதுக்கு? நான் கையால நடக்கிறவன் இல்லையே."

"சனிக்கிழம சாயங்காலம் நீங்க எப்படி நடப்பீங்கன்னு லிண்டன் க்ரீக் ஊர் முழுக்கத் தெரியும். குடுங்க."

அவர் மணிக்கட்டைப் பிடித்து, பெண்கள் காலில் அணிகிற மெல்லிய, நீளமான பழைய நைலான் ஸ்டாக்கிங் ஒன்றை முழங்கை வரை ஏற்றிவிட்டார் நோரீன். லாரிக்காரரின் கழுத்து சிவந்தது.

"இத வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"உள்ள விடுங்க. மெதுவா. நூல் எங்கயாவது இழுக்குதா?"

நோரீனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பகலில் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிறார். முப்பது வருடமாக ஊரின் வாயெல்லாம் அவர் விரலுக்குப் பழக்கம். புகையிலையை விட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னவர்களில் யார் யார் உண்மையில் விட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சொல்லமாட்டார். ஆனால் வாயைத் திறந்தபடி அந்தச் சாய்வு நாற்காலியில் கிடப்பவருக்கு ஒரு சந்தேகம் வரும்: இந்த அம்மா பல்லைப் பார்க்கிறாரா, காலைப் பார்க்கிறாரா? நாற்காலியின் மறுமுனையில் நீட்டிக்கொண்டிருக்கிற ஷூக்களின் மேல் அவர் கண் அடிக்கடி போகும். "இடது குதிகால் வெளிப்பக்கமா தேயுதே, இடுப்பு வலிக்குதா?" என்பார். வாய் நிறையக் கருவியை வைத்துக்கொண்டு "ஆங்" என்பதைத் தவிர யாரால் என்ன சொல்ல முடியும்?

மாலை ஐந்தரைக்கு மேல் அவரைத் தேடுகிறவர்கள் வீட்டின் அடித்தள அறைக்குப் போக வேண்டும். அங்கே கணவர் கார்லின் பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதன் மேல் ஒட்டுப்பலகை போட்டு, பதினான்கு வருடமாக நோரீன் தோல் வெட்டுகிறார். "ஒரே ஒரு வாரத்துக்குன்னு சொன்னா," என்பார் கார்ல், காது கொடுக்க ஆள் கிடைத்தால். பந்து விழவேண்டிய குழிகளில் நூல்கண்டும் மெழுகுக்கட்டியும் கிடக்கின்றன.

கருவிகளில் பாதி, மருத்துவமனையில் தேய்ந்து கழித்துப் போட்டவை. ஈறோரம் சுரண்டுகிற கொக்கியால் தையல் துளைகளைச் சுத்தம் செய்கிறார். நீண்ட பிடி வைத்த சின்னக் கண்ணாடியைப் பூட்ஸுக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்க்கிறார். பழக்க தோஷத்தில் பூட்ஸிடமும் பேசுகிறார். "நல்லாத் தொறங்க... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்." தையல் வரிசை ஒழுங்காக விழுந்துவிட்டால், "துப்பிக்கலாம்" என்கிறார்.

எதையும் அவர் விற்பதில்லை. "இதுக்கும் விலை போட்டா, இதுவும் வேலையாயிடும். எனக்குத்தான் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கே." யாருக்குத் தைப்பது என்பதை அவரே முடிவு செய்வார். பதினான்கு வருடத்தில் பத்தொன்பது ஜோடி. கால் அளவைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எடுப்பார். நாள் முழுக்க நின்ற கால் வேறொரு கால் என்பது அவர் கட்சி. மிஞ்சிய தோலில் கைப்பை. பூட்ஸ் கணவனுக்கு என்றால் பை மனைவிக்குப் போகும். "அவங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாலும், இது ரெண்டும் ஒரே மாட்டோட தோலு. அலமாரியில பேசிக்கிட்டிருக்கும்."

முதல் ஜோடி கார்லுக்குத்தான். துருப்பிடித்த கதவு மாதிரி அது கிறீச்சிட்டது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு கார்ல் நடந்தபோது, கடைசி வரிசையிலிருந்து யாரோ, "யாராவது எண்ணெய் விடுங்கப்பா" என்றார்கள். பனி தள்ளப் போகும்போது கார்ல் இன்றும் அதைத்தான் போட்டுக்கொள்கிறார்.

அடித்தோலின் இடைப்பகுதியை நோரீன் இரும்பு ஆணியால் அடிப்பதில்லை. தீக்குச்சி கனத்தில், ஒரு முனை கூராகச் சீவிய மரமுளைகளை அறைவார். ஈரம் பட்டால் தோல் ஊதும்போது மரமும் கூடவே ஊதும், பிடி விடாது. ஒரே ஒரு தொல்லை உண்டு. தைக்கும்போது பூட்ஸுக்குள் வைத்திருக்கிற கால் வடிவ அச்சுக்கட்டையை உருவி எடுத்ததும், முளைகளின் நுனிகள் உள்ளே முள் மாதிரி நிற்கும். நீண்ட அரத்தை விட்டு அவற்றைத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். பிறகு கையில் ஸ்டாக்கிங்கை மாட்டி உள்ளே தடவ வேண்டும். விரலுக்குத் தெரியாத முள்ளும் நைலான் நூலுக்குத் தெரிந்துவிடும், பிடித்து இழுக்கும். இந்த வேலையை நோரீன் ஒரு நாளும் மறந்ததில்லை, ஒரு நாளைத் தவிர.

அந்த நாள் லைல் ஸ்டேங்கலுக்குச் சொந்தமானது.

லைல், நோரீனோடு பள்ளியில் படித்தவர். சோளமும் சோயாவும் போடுகிறவர். போல்கா ஆட்டத்தில் அவரைத் தாண்ட அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. கல்யாணக் கூடத்தில் அக்கார்டியன் மூச்சு வாங்குவதற்குள் அவர் ஒரு சுற்று முடித்திருப்பார். பிறகு சர்க்கரை வந்தது. இரண்டு பாதங்களும் மெல்ல மரத்துப்போயின. ஓர் அறுவடை நாளில், பூட்ஸுக்குள் ஒற்றைச் சோள மணி விழுந்து கிடந்தது. காலையிலிருந்து பொழுது சாயும் வரை அதன் மேல் நடந்தார். எதுவும் தெரியவில்லை. இரவு மனைவி மார்ஜ் காலுறையைக் கழற்றிப் பார்த்துத்தான் அலறினார். ஆறு வாரம் கழித்து வலது காலில் ஒரு விரல் போனது.

அதற்குப் பிறகு மருத்துவமனை கொடுத்த வெள்ளைக் காலணிகள். அகலமானவை, பட்டையை இழுத்து ஒட்டுகிற வகை. "ரெண்டு ஃப்ரிட்ஜ மாட்டிவிட்டிருக்காங்க," என்பார் லைல். கல்யாணங்களுக்குப் போனால் மேசைத்துணிக்கு அடியில் கால்களை மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாட்டுக்கு அவர் தோள்கள் மட்டும் ஆடும்.

மகள் ட்ரூடிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவர் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். நோரீன் எச்சில் உறிஞ்சும் குழாயை வாயிலிருந்து எடுத்த இடைவெளியில் லைல் கேட்டுவிட்டார்.

"எனக்கு ஒரு ஜோடி தைச்சுக் குடு நோரீன். பொண்ணோட ஒரு பாட்டு ஆடணும். ஃப்ரிட்ஜோட ஆட மாட்டேன்."

"உன் காலுக்கா? முடியாது. வாயத் தொற."

"அதுக்குத்தான் வாயத் தொறந்து கேட்டேன்."

நோரீன் குழாயைத் திரும்ப அவர் வாயில் வைத்துவிட்டார். ஆனால் அடுத்த வாரம் லைலோடு பாத மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்த நர்ஸின் முன்னால் தோலையும் அளவுகளையும் பரப்பினார். உள்ளே தையல் தட்டக் கூடாது, விரல்களுக்கு இடம் வேண்டும், மென்மையான அடிவிரிப்பு வேண்டும் என்று நர்ஸ் வரிசையாகச் சொன்னார். கடைசியில் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளைக் காலுறையோடு மட்டும். சொட்டு ரத்தம் வந்தாலும் தெரிய வேண்டும்.

"ஒரு மணி நேரம்னா அறுபது நிமிஷம்," என்றார் நோரீன், வெளியே வந்ததும். "அறுபத்தொண்ணாவது நிமிஷம் நானே வந்து கழட்டிடுவேன், மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடியே."

ஏழு மாதம் தைத்தார். மட்டமான தோலில் சோதனைக்கு ஒரு ஜோடி செய்து அளவைச் சரிபார்த்தார். பழுப்புத் தோலில் உண்மையான ஜோடியைத் தொடங்கினார். விரல் போன இடத்துக்கு உள்ளே மெத்தை மாதிரி ஒன்று வைத்தார். மார்ஜுக்கு அதே தோலில் கைப்பை. கல்யாணம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை இடது பூட்ஸைத் தேய்த்து முடித்தார். கை ஓய்ந்துவிட்டது. வலது பூட்ஸ் நாளைக் காலையில் ஆகட்டும், லைல் ஒன்பது மணிக்குத்தானே வருகிறார் என்று படுத்துவிட்டார்.

லைல் ஏழு மணிக்கு வந்தார். கோட்டு, டை, தலையில் தண்ணீர் போட்டுச் சீவிய முடி. வெளியே வண்டியில் மார்ஜ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நோரீன் இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. ஆனால் லைலின் முகத்தைப் பார்த்ததும் காபி, தூக்கம், எல்லாமே போய்விட்டது. ஸ்டாக்கிங்கை மாட்டி, இடது பூட்ஸுக்குள் கையை விட்டு, வித்தை காட்டுகிறவர் மாதிரி வெளியே எடுத்தார்.

"பாரு. நூல் எங்கயாவது இழுத்துச்சா?"

"இல்ல. இப்ப ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்."

"தொடாத! உனக்கு இருக்கிறதே ஒரு மணி நேரம். அத என் வீட்டுத் தரையில வீணாக்கப் போறியா? கூடத்துல போய்ப் போடு."

இரண்டு பூட்ஸையும் துணியில் சுற்றி, கைப்பையையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். அன்று அரை நாள் பல் வேலை இருந்தது. மதியம் திரும்பி, நீல கவுனை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைக்க அடித்தள அறைக்கு இறங்கினார்.

தேய்க்கும்போது உதிர்கிற மரத்தூளை நோரீன் ஒவ்வொரு பூட்ஸுக்கும் தனித்தனியாக ஒரு செய்தித்தாளில் தட்டுவார். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எப்போதும் அப்படித்தான். மேசையில் இரண்டு தாள்களும் விரித்தபடி இருந்தன. தானிய விலைப் பக்கத்தில் மாவு மாதிரி ஒரு சின்னக் குவியல். பக்கத்தில் கிடந்த இரங்கல் பக்கம் சுத்தமாக இருந்தது.

கார் சாவியை எடுத்துக்கொண்டு படியேறினார்.

கல்யாணக் கூடம் பதினான்கு மைல் தூரம். மார்ஜின் கைப்பேசிக்கு அழைத்துக்கொண்டே ஓட்டினார். அது புதுக் கைப்பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது, தோல் நல்ல கனமான தோல், யாருக்கும் கேட்கவில்லை. பாதி வழியில் ஓர் அறுவடை இயந்திரம் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு நகர்ந்தது. அதை ஓட்டியவர் நோரீனை அடையாளம் கண்டு சந்தோஷமாகக் கையசைத்தார். நோரீன் முதல் தடவையாக அந்த மனிதரை, அவர் பற்களையும் சேர்த்து, வெறுத்தார். ஒரு சோள மணிக்கு ஒரு விரல். வலது பூட்ஸுக்குள் இருபத்தாறு முளைகள். எதன் மேல் ஆடுகிறோம் என்பது ஆடுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

கதவைத் திறந்தபோது போல்கா உச்சத்தில் இருந்தது. பன்றி வறுவலும் முட்டைக்கோஸும் மணத்தன. கூட்டம் வட்டமாக விலகி நிற்க, நடுவில் லைல், மகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக மேசைத்துணிக்கு அடியில் இருந்த கால்கள் அவை. தரையைத் தொடுகின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாத வேகம். அந்த பூட்ஸைத் தைத்தவர் ஒரு கணம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு நேராகத் தரையைக் கடந்து நடந்தார்.

"லைல், நில்லு."

"இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு. கடிகாரத்தப் பாத்துட்டுப் பேசு."

"உக்காரு. சமையக்கட்டுக்கு வா, அங்க உக்காரு."

அக்கார்டியன் தடுமாறி நின்றது. ட்ரூடி அப்பாவின் கையை விடவில்லை. "என்னாச்சு நோரீன்? மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு."

நோரீன் இன்னும் நெருங்கி வந்தார். லைலுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வலது பூட்ஸ நான் தேய்க்கல."

"தெரியும்," என்றார் லைல்.

"என்ன தெரியும்?"

"காலையில ஏழரைக்கே தெரியும். மார்ஜ்! உன் புதுப் பையக் கொஞ்சம் தொற."

மார்ஜ் திறந்தார். உள்ளே கைவிட்டு, அடியில் சுருட்டித் திணித்திருந்த ஒரு நைலான் ஸ்டாக்கிங்கை நீளமாக இழுத்தார். கூடவே மரத்தூள் பறந்தது. அதன் பாதத்தில் நூல் நூலாகக் கிழிசல்.

"இது என்னோடது! காலையில அலமாரி முழுக்கக் கொட்டித் தேடினேனே! ஏன் லைல், என் ஸ்டாக்கிங்க வச்சு என்ன பண்ணின?"

கூடம் மொத்தமும் சிரித்தது. லைல் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"இவ போட்டுப் பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. கைய விட்டுப் பாக்கக் கூடாதுன்னு சொல்லல. இவ செஞ்சு காட்டினது நல்லா இருந்துச்சு, நானும் வீட்டுல செஞ்சு பாத்தேன். இடதுல ஒண்ணுமில்ல. வலதுல விட்டேன், பூனை பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிச்சு. சுத்தியல் பிடியில உப்புத்தாளச் சுத்தி, ஒரு மணி நேரம் தேய்ச்சேன். நூல் இழுக்காத வரைக்கும் தேய்ச்சேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருந்தா நீ பூட்ஸத் திருப்பி வாங்கியிருப்ப. அடுத்த வாரம் தர்றேன்னிருப்ப. என் பொண்ணுக்குக் கல்யாணம் இன்னைக்குத்தான்."

நோரீன் நம்பவில்லை. கண்ணால் பார்க்காமல் அவர் எதையும் நம்புகிறவர் இல்லை. அவருக்கு அப்போதும் லைலைச் சமையலறைக்குக் கூட்டிப்போகத்தான் எண்ணம். விரல் போன அந்தக் காலை ஊர் பார்ப்பதை லைல் விரும்பமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் லைல் நடுத்தரையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது காலை நீட்டினார்.

"கழட்டு. பாக்கறவங்க பாத்துக்கட்டும்."

நோரீன் மண்டியிட்டு பூட்ஸை உருவினார். காலுறை வெள்ளையாக இருந்தது. குதிகால் வெள்ளை, நடுப்பாதம் வெள்ளை, விரல் இல்லாத இடமும் வெள்ளை. காலுறையையும் கழற்றி, தன் கைப்பையிலிருந்து பல் பார்க்கிற கண்ணாடியை எடுத்து அடிப்பாதத்துக்குக் கீழே பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். காலுறையின் வரிவரியான தடம் மட்டும் இருந்தது. பிறகு மார்ஜின் ஸ்டாக்கிங்கில் கிழியாத பக்கத்தைக் கையில் மாட்டி பூட்ஸுக்குள் விட்டார். கை வழுக்கிக்கொண்டு நுனி வரை போய், வழுக்கிக்கொண்டு திரும்பி வந்தது.

நீல கவுனோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் நோரீன். சிரித்தார். மூக்கையும் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. யாரோ பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒன்றைக் கையில் திணித்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு வாயில் தின்றார்.

"தேய்ச்ச தூள பேப்பர்ல தட்டினியா?" என்று கேட்டார், வாயில் கொலாச்சியோடு.

"பேப்பர் எதுக்கு? மார்ஜ் பை பக்கத்துலதான் இருந்துச்சு."

"லைல்!" என்றார் மார்ஜ்.

"அப்பா," என்றாள் ட்ரூடி, "கால் வெளிய இருந்த நேரத்த அந்த ஒரு மணியில சேர்க்காத."

"சேர்த்துத்தான் ஆகணும்," என்றார் நோரீன். "பதிமூணு நிமிஷம் இருக்கு. எந்திரி." பூட்ஸின் மேல்விளிம்பில் இழுப்பதற்காகத் தைத்த இரண்டு காதுகளையும் பிடித்து அதன் வாயை அகல விரித்து, லைலின் காலுக்கு முன்னால் வைத்தார். லைல் உடனே காலை விடவில்லை. ஊர் பார்க்க, குனிந்து, முதலில் கையை விட்டுத் தடவினார். பிறகுதான் கால்.

பதிமூன்றாவது நிமிடம் முடிந்ததும் நோரீனே வந்து கழற்றினார். லைல் வெள்ளைக் காலணிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் கால்களை மேசைத்துணிக்கு அடியில் வைக்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நோரீன் மூன்று ஜோடி தைத்திருக்கிறார். தான் செய்த தவறை அவர் மறைப்பதில்லை. "என் கைய நான் நம்பறேன். ஆனா என் கைக்குக் காபி வேணும், தூக்கம் வேணும். போடப்போறவங்க கைக்கு அது எதுவும் வேணாம். அவங்களுக்குப் பயம் இருக்கு, அது போதும்," என்பார். இப்போது ஸ்டாக்கிங் ஜோடியில் ஒன்றைத் தன் கையில் மாட்டிக்கொள்கிறார், மற்றதை வந்தவர் கையில் மாட்டிவிடுகிறார். முதலில் அவர் கை. பிறகு வந்தவர் கை.

லாரிக்காரரின் கை அன்று முழங்கை வரை உள்ளே போயிருந்தது. அவர் பூட்ஸைப் பார்த்தார். நோரீன் பூட்ஸைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு செய்தித்தாள்கள், இரண்டு சின்னக் குவியல்கள்.

"ஒண்ணுமில்ல. வழுக்குது," என்றார் லாரிக்காரர்.

"இன்னொரு தடவ."

"வழுக்குதுங்க."

நோரீன் மூச்சை விட்டார். மண்டியிட்டு, பூட்ஸின் காதுகளைப் பிடித்து, அந்தப் பெரிய மனிதரின் காலுக்கு முன்னால் அதன் வாயை அகலத் திறந்து வைத்தார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ சர்க்கரையால் பாதம் மரத்துப்போன ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரிடம் லைலின் சோள மணியைப் பற்றியும், மார்ஜின் ஸ்டாக்கிங்கைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். நாளைக் காலை செருப்பில் கால் வைப்பதற்கு முன் அவர் குனிந்து கையை விட்டுப் பார்த்தால், அதை அவரும் இன்னொருவரிடம் சொல்லட்டும்.